ஒன்பதாயிரம் நாளும் ஒரு நாளும்

நீதிமன்றங்களிலே மொழிபெயர்ப்புப் பணி செய்வோரை இருவகையினராகக் கொள்ளலாம். ஒருவர் சாட்சிக் கூண்டின் அருகே நின்று, சாட்சி ஒரு வாக்கியம் சொல்ல, அதனை அக்கணமே நீதிபதியின் மொழியில் எடுத்துரைப்பவர். அதே வாக்கியத்தைச் சாட்சி நூறு முறை சொன்னாலும் அவரும் நூறு முறை வாய்திறந்து பெயர்த்தல் வேண்டும். மற்றவர் தனியறையில் அமர்ந்து, ஆவணம் முழுவதையும் வாசித்து, பெயர்ப்பை எழுத்திலே அமைத்துக் கொடுப்பவர். அவர் தொடங்குவதற்கு நேரம் செல்லும். ஆயின் ஒருமுறை எழுதி முடித்தாரெனில் பின்னர் எத்தனை பேர் எத்தனை முறை வாசித்தாலும் அவர் மீண்டும் உழைக்க வேண்டியதில்லை.

கணினிக்கும் மனிதனுக்கும் இடையே இத்தகைய இரு பெயர்ப்பாளர் உளர். முதலாமவர் மொழிமாற்றி, இரண்டாமவர் தொகுப்பான். மனிதன் எழுதும் செய்நிரலை வரிவரியாகப் பொருள்கொண்டு நடத்துவது மொழிமாற்றியின் தொழில். அதனை முன்கூட்டியே இயந்திரத்தின் மொழிக்கு முழுமையாகப் பெயர்த்து வைப்பது தொகுப்பானின் தொழில். முன்னதிலே நெகிழ்ச்சி உண்டு, வேகம் இல்லை. பின்னதிலே வேகம் உண்டு, நெகிழ்ச்சி இல்லை.

இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவது வழியொன்று உண்டு. கூண்டருகே நிற்கும் பெயர்ப்பாளர், சாட்சி எவ்வாக்கியத்தை அடிக்கடி கூறுகின்றார் என்பதைக் கவனித்து, அதனை மாத்திரம் ஒரு தாளிலே எழுதி வைத்துக்கொண்டால் எவ்வாறிருக்கும்? மறுமுறை அவ்வாக்கியம் வரும்போது அவர் சிந்திக்க வேண்டியதில்லை. தாளை நீட்டினாற் போதும். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தேவையான இடத்தை மட்டும், தேவையான வேளையில், இயந்திர மொழிக்குப் பெயர்க்கும் தொகுப்பான் இதுவே. 'ஜிற்' என்னும் சுருக்கப் பெயரால் இன்று அது வழங்குகின்றது.

இந்த எண்ணம் புதியதன்று. ஜோன் மக்கார்த்தி 1960ஆம் ஆண்டிலே லிஸ்ப் மொழிபற்றி எழுதிய கட்டுரையிலேயே, நிரல் ஓடும் வேளையில் சார்புகளை இயந்திர மொழிக்குப் பெயர்ப்பது பற்றிய குறிப்பு உண்டு. 1968ஆம் ஆண்டிலே கென் தொம்சன், உரையிலே சொற்கோலங்களைத் தேடுவதற்கு, அவ்வவ் வேளையிலே இயந்திரக் கட்டளைகளை ஆக்கும் முறையை வெளியிட்டார். 1971ஆம் ஆண்டிலே டொனால்ட் நூத், போர்ட்ரான் மொழியில் எழுதப்பட்ட நிரல்களை ஆராய்ந்து, நிரலொன்றின் நூற்றுக்கு நான்கிலும் குறைந்த பகுதியே பொதுவாக அது ஓடும் நேரத்தின் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றது எனக் கண்டார். இக்கண்டுபிடிப்பே இத்தகைய தொகுப்பானின் அடிப்படை நியாயமாகும். முழுவதையும் பெயர்க்க வேண்டியதில்லை. அடிக்கடி மிதிபடும் பாதையை மட்டும் செப்பனிட்டால் பயணம் விரைவுபெறும்.

நிற்க. இக்கட்டுரை கணினியின் வரலாறு கூற எழுந்ததன்று. கலைப்பீடத்து மாணவனொருவன், தான் சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில், இத் தொகுப்பானின் வேகத்தோடு மோத நேர்ந்ததையும், அம்மோதலில் அவன் கற்றதையும் கூறுவதே இதன் நோக்கம்.

*

மாணவனின் பாட்டனார் வலிகாமத்துக் கிராமமொன்றில் உபாத்தியாயராக இருந்தவர். 1971ஆம் ஆண்டு தை மாதம் முதலாந் திகதி தொடக்கம் அவர் நாட்குறிப்பு எழுதினார். ஒரு நாளைக்கு ஒரு வரி என்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட நியமம். மழை பெய்ததா, கிணற்றில் நீர்மட்டம் எவ்வளவு, பாடசாலைக்கு எத்தனை பிள்ளைகள் வந்தனர், அரிசி என்ன விலை என்பனவே பெரும்பாலான வரிகளின் பொருள். வீட்டிலே மங்கல காரியம் நடந்தாலும் ஒரு வரி. மரணம் நிகழ்ந்தாலும் ஒரு வரி. 1998ஆம் ஆண்டு முடியும்வரை ஒரு நாளும் தவறாது எழுதினார். இருபத்தெட்டு ஆண்டுகள், 10,227 வரிகள்.

அக்கொப்பிகளை மாணவனின் தாயார் பல ஆண்டுகளாக, வீட்டு வேலைகள் ஓய்ந்த இரவுகளில், கணினியிலே தட்டச்சுச் செய்து வந்தார். அவர் பயின்றது பாமினி எழுத்துரு. ஈழத்துத் தட்டச்சு நிலையங்களிலே பயின்ற தலைமுறைக்கு அதுவே கைவந்த முறை. பாமினியிலே எழுதப்பட்டது கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும். ஆயின் கணினியின் உள்ளே அது ஆங்கில எழுத்துகளின் வரிசையேயன்றி வேறன்று. 'தமிழ்' என்னும் சொல் அங்கே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கிடக்கும். எழுத்துருவை நீக்கிவிட்டால் இருபத்தெட்டு ஆண்டுகளும் பொருளற்ற குறிகளின் குவியலாகிவிடும். எனவே அதனை யூனிக்கோட் முறைக்கு மாற்றுதல் இன்றியமையாததாயிற்று.

மாணவன் தனது இறுதியாண்டு ஆய்வுக்கு இந்நாட்குறிப்புகளையே பொருளாகக் கொண்டான். கிராமத்துப் பேச்சு வழக்கு இருபத்தெட்டு ஆண்டுகளில் எவ்வாறு மாறியது என்பதை ஒரே கையெழுத்தின் வழி காண்பதே அவன் எண்ணம். இதற்கு இரு காரியங்கள் வேண்டியிருந்தன. முதலாவது, பாமினியை யூனிக்கோட்டாக மாற்றுதல். இரண்டாவது, ஒரே சொல்லின் வேறுபட்ட எழுத்து வடிவங்களைக் கண்டறிதற்காக, ஒவ்வொரு சொல்லையும் ஏனைய ஒவ்வொரு சொல்லோடும் ஒப்புநோக்குதல். வெவ்வேறான சொல்வடிவங்கள் ஏறத்தாழ இருபதாயிரம். இருபதாயிரம் சொற்களை இரண்டிரண்டாக ஒப்பிடுவதாயின் 19,99,90,000 இணைகள். அஃதாவது இருபது கோடிக்குப் பதினாயிரமே குறைவு. ஒவ்வோர் இணையிலும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுதல் வேண்டும்.

அது 2022ஆம் ஆண்டின் முற்பகுதி. நாட்டிலே மின்சாரம் இல்லாத காலம். மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை நீண்டது. மாணவனிடம் இருந்ததோ உறவினர் ஒருவர் பாவித்துக் கழித்த பழைய மடிக்கணினி. அதன் மின்கலம் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது. எந்த வேலையாயினும் அம் முக்கால் மணித்தியாலத்துள் முடிதல் வேண்டும். வேகம் என்பது அவனுக்கு ஆடம்பரமாக இருக்கவில்லை.

*

விஞ்ஞான பீடத்து நண்பனொருவன் அவனுக்கு லூவா மொழியைப் பரிந்துரைத்தான். லூவா என்பது போர்த்துக்கேய மொழியிலே நிலவைக் குறிக்கும். 1993ஆம் ஆண்டு, பிரேசில் நாட்டின் றியோ டி ஜெனீரோ நகரிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்திலே, றொபேர்ட்டோ யெருசலிம்ஸ்கி, லூயிஸ் என்றிக் டி ஃபிகைறெடோ, வால்டெமார் செலஸ் என்னும் மூவர் அதனை ஆக்கினர். அதற்கு முன்னோடியாக அமைந்த மொழிகளுள் ஒன்றின் பெயர் சோல். சூரியன் என்பது பொருள். சூரியனுக்குப் பின் நிலவு வந்தது.

இம்மொழி பிறந்த சூழல் நம்போன்ற நாட்டினர் சிந்திக்கத்தக்கது. 1977 தொடக்கம் 1992வரை பிரேசில் அரசு கணினிப் பொருள்களின் இறக்குமதிக்குக் கடுந்தடைகள் விதித்திருந்தது. வெளிநாட்டு மென்பொருளை எளிதில் வாங்க இயலாத நிலையிலே, அந்நாட்டு எண்ணெய்க் கூட்டுத்தாபனமான பெற்றோபிராஸின் பொறியியலாளருக்கு வேண்டிய கருவிகளைப் பல்கலைக்கழகமே ஆக்கிக் கொடுக்க நேர்ந்தது. அவ்வுழைப்பின் பயனாகத் தோன்றிய சிறிய மொழி பின்னர் உலகெங்கும் பரந்தது. வளர்முக நாடொன்றிலே தோன்றி உலகளாவிய பயன்பாடு பெற்ற நிரல்மொழிகள் மிகச் சில. லூவா அவற்றுள் முதன்மையானது.

லூவா இயல்பாக மொழிமாற்றியால் நடத்தப்படுவது. அதற்கென ஓர் ஓட்டநேரத் தொகுப்பானை மைக் பால் என்பவர் எழுதி 2005ஆம் ஆண்டில் வெளியிட்டார். லூவாஜிற் என்பது அதன் பெயர். அதன் இரண்டாம் பதிப்பு தடம்பற்றிச் செல்லும் முறையைக் கையாள்வது. அம்முறையைச் சிறிது விளக்குதல் அவசியம்.

நிரல் முதலில் மொழிமாற்றியின் கையிலேயே ஓடும். சுழல் ஒன்று மீண்டும் மீண்டும் நிகழும்போது ஓர் எண்ணி அதனைக் கணக்கிடும். இயல்பான அமைப்பிலே அக்கணக்கு 56ஐ எட்டியதும் அச்சுழல் சூடேறியதாகக் கொள்ளப்படும். அப்போது தொகுப்பான் விழித்துக்கொள்கின்றது. அடுத்த சுற்றிலே நிரல் செல்லும் வழியை அடிக்கு அடி பதிவு செய்கின்றது. பதிந்த தடத்தை இயந்திர மொழிக்குப் பெயர்க்கின்றது. வழியிலே கிளை பிரியும் ஒவ்வோரிடத்திலும் ஒரு காவல் நிறுத்தப்படும். 'முன்பு இவ்விடத்தில் இவ்வாறே நிகழ்ந்தது. இப்போதும் அவ்வாறே நிகழ்கின்றதா?' என்பது காவலின் கேள்வி. ஆம் எனின் ஓட்டம் தொடரும். இல்லையெனின் காரியம் மொழிமாற்றியிடம் திரும்பும். ஒரே காவலில் பத்து முறை அவ்வாறு வெளியேற நேர்ந்தால் அக்கிளைக்கும் தனித்தடம் அமைக்கப்படும்.

சுருங்கக் கூறின், நேற்று நடந்ததே இன்றும் நடக்கும் என்னும் நம்பிக்கையிலே கட்டப்பட்ட வேகம் இது. பெரும்பாலும் அந்நம்பிக்கை பொய்ப்பதில்லை.

*

மாணவன் தன் நிரலை எழுதினான். பாமினியை மாற்றுவதற்கு சீ மொழியில் எழுதப்பட்ட சிறிய நூலகம் ஒன்று கிடைத்தது. லூவாஜிற்றிலிருந்து அதனை நேரடியாக அழைக்கலாம். வரியொன்றைக் கொடுத்தால் யூனிக்கோட் வரியைத் திருப்பித்தரும். தனக்குத் தெரியாத குறியொன்று வந்தால் மாத்திரம், 'இதனை என்ன செய்ய?' எனக் கேட்டு, மாணவன் லூவாவில் எழுதிய சார்பொன்றை மீள அழைக்கும். மாணவன் வரிகளையெல்லாம் ஓர் அட்டவணையில் ஏற்றி, ஒவ்வொன்றாக அந்நூலகத்துக்கு அனுப்பும் சுழலை எழுதினான். முதலாவது கொப்பியைக் கொடுத்துப் பார்த்தான், பழுதின்றி மாறிற்று. இருபத்தெட்டு ஆண்டுகளையும் ஒருங்கே கொடுத்தான். ஒரு கணத்தில் நிரல் இறந்துபட்டது. மீளழைப்புப் பிழையானது என்னும் பொருள்பட ஒரேயொரு வரி திரையிலே நின்றது.

எவ்வரியில் இறந்தது என்று தேடினான். 9,069ஆவது வரி. திகதி: 1995 ஒக்ரோபர் 30.

வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வீடுகளை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்த நாள் அது. இந்நாட்டுத் தமிழ் வாசகருக்கு அதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. பாட்டனாரின் கொப்பிகளும் அன்றிரவு ஒரு துணிப்பையில் நடந்தன, மழையிலே நனைந்தன. அவ்வரியைத் திறந்து பார்த்தபோது, நான்கு சொற்களுக்குப் பின் விநோதமான குறியொன்று பலமுறை அடுத்தடுத்து இடப்பட்டிருந்தது. பாமினியின் அட்டவணையில் இல்லாத குறி. மாணவன் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தான்.

"அம்மா, தொண்ணூற்றைஞ்சிலை ஒரு அடையாளம் போட்டிருக்கிறியள். அது என்ன?"

"அது தம்பி, மழையிலை நனைஞ்சு எழுத்து அழிஞ்சு போன இடம். எத்தினை எழுத்து இருந்திருக்கும் எண்டு மதிச்சு, எழுத்துக்கு ஒண்டாப் போட்டனான். வாசிக்கேலாது எண்டதுக்காக அப்பு ஒண்டும் எழுதேல்லை எண்டு விடலாமோ?"

அதற்கு முந்திய ஒன்பதாயிரத்துச் சொச்சம் வரிகளில் அக்குறி ஓரிடத்திலும் இல்லை. அதற்குப் பின் வந்த வரிகளில் ஆங்காங்கே இருந்தது.

பிழை அக்குறியிலே உள்ளது என்று கருதிய மாணவன், அந்த ஒரு வரியை மட்டும் பிரித்து நிரலிடம் கொடுத்தான். நிரல் இறக்கவில்லை. குறி வந்ததும் அவனது சார்பு முறையாக அழைக்கப்பட்டது. அதற்கு முந்திய பத்து வரிகளையும் சேர்த்துக் கொடுத்தான், அப்போதும் இறக்கவில்லை. நூறு வரிகளைச் சேர்த்துக் கொடுத்தபோது இறந்தது. வியப்புற்று, அவ்வரியைக் கோப்பின் தலைப்பிலே, 1971ஆம் ஆண்டுக்கு முன்பாக வைத்து, இருபத்தெட்டு ஆண்டுகளையும் மீண்டும் கொடுத்தான். முதல் வரி தொடக்கம் இறுதி வரிவரை ஒரு தடையுமின்றி ஓடி முடிந்தது. அதே வரிகள், அதே குறிகள். வரிசை ஒன்றே வேறு.

இதன் காரணம் லூவாஜிற்றின் கையேட்டிலேயே தெளிவாக எழுதப்பட்டிருந்தது. மாணவன் அதனை அதுவரை வாசித்திருக்கவில்லை. எனவே குற்றம் அவனதே. தொகுக்கப்பட்ட தடத்திலிருந்து சீ மொழிச் சார்பு ஒன்று அழைக்கப்பட்டு, அச்சார்பு மீண்டும் லூவாவை அழைத்தல் ஆகாது. இயந்திர மொழியில் ஓடும் வேளையிலே மாறிகளின் பெறுமானங்கள் செயலியின் பதிவகங்களில் இருக்கும். லூவா தனது நிலையை அறிந்துகொள்ளும் ஏட்டிலே அவை எழுதப்பட்டிருக்கமாட்டா. அவ்வேளையில் எவரும் வெளியிலிருந்து வந்து லூவாவின் கதவைத் தட்டினால் திறப்பதற்கு உள்ளே ஆள் இல்லை. இதனைத் தவிர்க்க ஓர் ஏற்பாடும் உண்டு. மொழிமாற்றியின் கையில் நிரல் ஓடும்போதே சீ மொழிச் சார்பொன்று மீளழைப்புச் செய்துவிட்டால், 'இதனைத் தொகுத்தல் தகாது' என அது குறித்துவைக்கப்படும். குறியுள்ள வரி தலைப்பிலே நின்றபோது நிகழ்ந்தது இதுவே.

ஆயின் நாட்குறிப்பின் இயல்பான வரிசையிலே சுழலின் கணக்கு 56ஐ அடைந்தது 1971 பெப்ரவரி 25ஆந் திகதியை அண்மித்து. மழை இல்லை, கிணற்றில் ஆறு முழம் நீர், பிள்ளைகள் முப்பத்தொருவர் என்பன போன்ற வரிகள். மீளழைப்பு ஒன்றும் நிகழவில்லை. எனவே அச்சார்பு அமைதியானது எனக் கொண்டு, தொகுப்பான் அதனைத் தடத்திலே சேர்த்துவிட்டது. அதன்பின் இருபத்துநான்கு ஆண்டுகளும் எட்டு மாதங்களும், ஊரடங்கு வந்த நாள்களிலும், உயிர்கள் போன நாள்களிலும், கொப்பி நனையவில்லை, எழுத்து அழியவில்லை. காவல்கள் நின்ற இடங்களில் எல்லாம் முன்புபோலவே நிகழ்ந்தது. சீ மொழி நூலகத்தின் உள்ளே நடப்பதைக் காணும் காவல் ஏதும் தடத்தில் இல்லை. ஒன்பதாயிரம் நாளில் உறுதிப்பட்ட நம்பிக்கை ஒரு நாளிலே பொய்த்தது. பொய்த்தபோது திரும்பிச் செல்ல அதற்கு வழி இருக்கவில்லை.

*

நண்பன் மூன்று பரிகாரங்களைக் கூறினான். முதலாவது மிக எளியது.

"மச்சான், அந்த அடையாளங்களை எல்லாம் அழிச்சு விடு. அதுகள் எழுத்தே இல்லை. உன்ரை சொற்கணக்கிலையும் வராது. பிறகு மீளழைப்பே நடக்காது."

அவன் கூறியது கணக்கின்படி சரியே. அக்குறிகளுக்கு ஒலியில்லை, பொருளில்லை. ஆய்வின் முடிவு அவற்றால் அணுவளவும் மாறப்போவதில்லை. மாணவன் ஓர் இரவு முழுவதும் அதனைச் சிந்தித்தான். ஒரு கட்டளையில் முடிந்துவிடும் காரியம். ஆயின் தாயாரின் கேள்வி காதிலே நின்றது. எழுத்துக்கு ஒன்றாக எண்ணி இடப்பட்ட அக்குறிகளை நீக்கிவிட்டால், அன்றைய வரி நான்கு சொற்களோடு முடிந்த வரியாகிவிடும். பாட்டனார் அன்று குறைவாக எழுதினார் என்று நாளை வாசிப்பவன் கொள்வான். வாசிக்க இயலாமை வேறு, எழுதப்படாமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கும் உரிமை தனக்கு இல்லை என மாணவன் முடிவு செய்தான்.

இரண்டாவது பரிகாரம் தொகுப்பானை முற்றாக நிறுத்திவிடுதல். லூவாஜிற்றின் சிறப்புகளுள் ஒன்று, தொகுப்பானை ஆளும் கட்டளைகள் லூவா மொழியின் உள்ளேயே அமைந்திருத்தலாகும். 'ஜிற்' என்னும் பெயரில் ஒரு நூலகம் உண்டு. அதில் 'ஓன்' என்பது தொகுப்பானை இயக்கும். 'ஓஃப்' என்பது நிறுத்தும். 'ஃபிளஷ்' என்பது தொகுத்து வைத்த தடங்களை அழிக்கும். 'ஸ்ரேற்றஸ்' என்பது அதன் நிலையைத் தெரிவிக்கும். சூடேறும் கணக்கு எத்தனை என்பதனையும் நிரலின் உள்ளிருந்தே மாற்றலாம். மாணவன் தலைப்பில் ஒரு வரி சேர்த்து அனைத்தையும் நிறுத்தினான். 1995ஆம் ஆண்டு அமைதியாகக் கடந்தது. குறிகள் அனைத்தும் பேணப்பட்டன. ஆனால் இருபது கோடி ஒப்பீடு தொடங்கியபோது மொழிமாற்றி வரிவரியாக நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. மின்கலம் தீர்ந்து திரை இருண்டபோது பாதி வேலைகூட முடியவில்லை. மறுநாளும் அவ்வாறே.

மூன்றாவது பரிகாரம் கையேட்டிலே கூறப்பட்டது. அதே 'ஓஃப்' கட்டளைக்கு ஒரு சார்பின் பெயரைக் கொடுத்தால் அச்சார்பு மாத்திரம் தொகுக்கப்படாது விடப்படும். எஞ்சிய நிரல் முன்போலவே வேகம் பெறும். நாட்குறிப்பை வாசிக்கும் சுழல் அமைந்த சார்பின் கீழே மாணவன் அவ்வொரு வரியை எழுதினான். வாசிக்கும் இடத்தில் நிரல் மெல்ல நடந்தது. பதினாயிரம் வரிகளை மெல்ல நடந்து கடக்க ஒரு கணமே சென்றது. ஒப்பிடும் இடத்தில் அது விரைந்தோடியது. மின்கலம் பாதியாகக் குறையுமுன் இருபது கோடி இணைகளும் முடிந்தன.

*

இந்நிகழ்ச்சி சிறியது. ஆயினும் இதிலே ஒரு பொதுக் கேள்வி அடங்கியுள்ளது. விரைவை எங்கே அனுமதிப்பது, எங்கே தடுப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் யார்?

வெளியிலிருந்து தீர்மானித்தல் ஒருவகை. ஐபோன் போன்ற கருவிகளில் ஓடும் செயலிகள் ஓட்டநேரத்தில் இயந்திரக் கட்டளைகளை ஆக்குதலை அப்பிள் நிறுவனம் பொதுவாக அனுமதிப்பதில்லை. அங்கே லூவாஜிற்றின் மொழிமாற்றி மட்டுமே பணிசெய்யும். பாதுகாப்புக் கருதிய விதி அது. அதன் நியாயம் எதுவாயினும், அது பெரும்பாலும் எல்லா நிரலுக்கும் ஒரே விதி. தொகுப்பானிடமே முழுவதையும் விட்டுவிடுதல் மற்றொரு வகை. அதன் அறிவு கணக்கறிவு. லூவாஜிற் 56இல் சூடேறியது என்று கொள்ளும். பைதன் மொழிக்கான பைபை என்னும் தொகுப்பான் சுழலுக்கு 1,039 என்று வைத்துள்ளது. எண்ணை உயர்த்தலாம், தாழ்த்தலாம். ஆனால் 9,069ஆம் நாளை எதிர்நோக்கக்கூடிய எண் எதுவுமில்லை. எத்தனை ஆண்டு அமைதியாகக் கழிந்தது என்பதிலிருந்து அடுத்த நாளின் தன்மையை அறிய இயலாது என்பதை இந்நாட்டவர் வேறு வழியாகவும் அறிவர்.

மூன்றாவது வகை, மொழியின் உள்ளிருந்து ஆளுதல். தொகுப்பானை எழுதியவருக்கு வலிகாமம் தெரியாது; தெரிந்திருக்க வேண்டியதுமில்லை. நூலகத்தை எழுதியவருக்குத் துணிப்பையில் நனைந்த கொப்பி தெரியாது. எவ்வரியிலே எழுத்து அழிந்திருக்கும், எவ்விடத்தில் நின்று கேட்டறிந்து செல்ல வேண்டும் என்பதை அறிந்தவன், அவ்வுரையோடு வாழ்ந்து அம்மொழியிலே நிரல் எழுதியவன் ஒருவனே. அவன் எழுதும் மொழியிலேயே, அவன் கைக்கெட்டும் தூரத்திலேயே, 'இவ்விடத்தில் மெல்லச் செல்க' என்று கூறும் கட்டளையை வைத்துச் சென்றமை அத்தொகுப்பானை ஆக்கியவரின் பெருந்தன்மை என்றே கூறல்வேண்டும். தன் ஆக்கம் எல்லாவற்றையும் அறியாது என்பதை ஒப்புக்கொண்டவரே அத்தகைய கதவை விட்டுவைப்பார்.

அக்கதவை உரிய இடத்தில் திறப்பதற்கும் அறிவு வேண்டும். அனைத்தையும் நிறுத்துதல் அச்சத்தின் வழி. குறிகளை அழித்தல் வசதியின் வழி. இவ்விரண்டிலும் உரையை வாசிக்க வேண்டிய தேவை எழுவதில்லை. ஒரு சார்பை மட்டும் நிறுத்துவதற்கோ, எது எங்கே உள்ளது என்பதை முதலில் வாசித்து அறிதல் வேண்டும். மனிதவியல் பயிலும் மாணவனுக்கு இது புதிய பாடமன்று. சுவடியைப் பதிப்பிப்போர் சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டும் மரபு நமக்கு உண்டு. அம்மரபைக் கற்பிக்க ஆளின்றியே, இரவிலே விழித்திருந்து தட்டச்சுச் செய்த தாயொருத்தி அதனைக் கைக்கொண்டாள். இயந்திரத்தோடு பழகும் அவள் மகன் அதனை இயந்திரத்திடமிருந்து காப்பாற்ற நேர்ந்தது.

ஆய்வு முடிந்து ஒப்படைக்கப்பட்டது. அதன் பின்னிணைப்பிலே நாட்குறிப்பின் வரிகள் அச்சாகியுள்ளன. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதிக்கு நேரே நான்கு சொற்கள் உள்ளன: வீடு பூட்டினோம். மழை தொடங்கிற்று. அவற்றைத் தொடர்ந்து இருபத்தாறு புள்ளிகள். மறுநாள் வரி சிதைவின்றி வாசிக்கக் கிடைக்கின்றது. அன்று எத்தனை பிள்ளைகள் வந்தனர் என்ற கணக்கு மட்டும் அதில் இல்லை.